குறுந்திறன் ஒளிபரப்பும் வட்டார மொழியும்: காரைக்கால் கடற்கரையை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

குறைந்த மின்திறனில், சிறு பரப்பளவுக்கு மட்டும் இயங்கும் ஒளிபரப்பு நிலையங்கள் அவ்வட்டார மக்களின் மொழிக்கு இடமளிக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஐக்கிய அமெரிக்காவில் ஸ்பானிய மொழிக் குறுந்திறன் நிலையங்கள் இவ்வெதிர்பார்ப்பைப் பெரிதும் நிறைவேற்றின. இந்தியாவில் 1980களில் அமைந்த தூர்தர்ஷன் குறுந்திறன் நிலையங்களோ தமிழகச் சிற்றூர்களுக்குத் தில்லியின் இந்தி நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்தன. ஒரே வகைத் தொழில்நுட்பம் இரு நாடுகளில் எதிரெதிரான மொழி விளைவுகளைத் தந்ததற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வாய்வின் முடிவைக் காரைக்கால் கடற்கரையின் வானிலை, கடல்நிலை அறிவிப்பு மொழியோடு பொருத்திக் காண்கிறது.

திறவுச்சொற்கள்

குறுந்திறன் ஒளிபரப்பு, சமுதாய வானொலி, திசைச்சொல், நெய்தல் வழக்கு, காரைக்கால், பட்டினச்சேரி.

1. முன்னுரை

ஒளிபரப்பு வரலாற்றில் 1982ஆம் ஆண்டு மூன்று நிகழ்வுகளால் நினைக்கத்தக்கது. அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. ஆகஸ்டு 15ஆம் நாள் தூர்தர்ஷன் தன் தேசிய நிகழ்ச்சியைத் தில்லியிலிருந்து தொடங்கியது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம், சிறு நகரங்களும் சிறுபான்மைச் சமூகங்களும் தமக்கெனத் தொலைக்காட்சி நடத்த வழிசெய்யும் வகையில், குறுந்திறன் தொலைக்காட்சி என்னும் புதிய உரிம வகையை ஏற்படுத்தியது.

இம்மூன்றுள் முதலிரண்டும் சோழமண்டலக் கரையில் வாழ்ந்த தமிழர் இல்லங்களை நேரடியாகத் தொட்டவை. மூன்றாவது நிகழ்வு தொலைவில் நடந்தது எனினும், முதலிரண்டின் பொருளை விளங்கிக்கொள்ள ஓர் ஒப்பீட்டுப் புள்ளியாக அமைகிறது. ஒளிபரப்பு ஆய்வுகள் தமிழில் பெரும்பாலும் திரைப்பாடல், தொடர் நாடகம், செய்திமொழி ஆகியவற்றையே எடுத்துக்கொள்கின்றன. ஒரு நிலையத்தின் அலை எவ்வளவு தொலைவு செல்கிறது, அதில் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்னும் இரு வினாக்களும் அந்நிலையத்தின் மொழியை எவ்வாறு பாதிக்கின்றன என்பது போதிய அளவில் ஆராயப்பெறவில்லை. அக்குறையை ஓரளவு நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் காரைக்கால் கடற்கரை. திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த பட்டினச்சேரி என்னும் மீனவர் ஊர் அதன் மையப்புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. இக்கட்டுரையாளர் அவ்வூரினர் ஆதலின், மொழிவழக்குச் சான்றுகள் அக்கரையின் அன்றாடப் பேச்சிலிருந்து எடுத்தாளப்படுகின்றன.

2. கருதுகோள்

ஒரு நிலையத்தின் மொழியைத் தீர்மானிப்பதில் அதன் மின்திறனைவிட, அங்கேயே நிகழ்ச்சியை உருவாக்கும் உரிமை முதன்மையானது. அவ்வுரிமை இல்லாத சிறு நிலையம், தொலைவிலுள்ள பெருநிலையத்தின் குரலை நீட்டிக்கும் கம்பமாகவே அமையும். இக்கருதுகோள் பின்வரும் மூன்று நேர்வுகளின் வழி சோதிக்கப்படுகிறது.

3. ஸ்பானிய மொழி நிலையங்களின் வரலாறு

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் ரவுல் கோர்த்தெஸ் என்பவர் 1946இல் ஸ்பானிய மொழி வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1955இல் அவரே அந்நகரில் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி நிலையத்தையும் நிறுவினார். அது மீயுயர் அதிர்வெண் வரிசையில் 41ஆம் அலைவரிசையில் இயங்கியது. அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் அவ்வரிசையைப் பெறும் வசதி இல்லை. எல்லா அலைவரிசைகளையும் பெறும் பெட்டிகளையே விற்க வேண்டும் என்னும் சட்டம் 1962இல்தான் அங்கு இயற்றப்பட்டது. ஆகவே, ஸ்பானிய மொழி தொடக்கத்திலேயே பலரும் விரும்பாத அலைவரிசையின் ஓரத்தில்தான் இடம் பெற்றது. 1961இல் அந்நிலையம் கைமாறி, பின்னாளில் நாடளாவிய ஸ்பானிய மொழி வலையமைப்பின் வித்தாயிற்று.

கோர்த்தெஸின் நிலையம் முழுத்திறன் நிலையம். 1982இல் குறுந்திறன் உரிமம் வந்தபின், பெருமுதல் இல்லாதோரும் இத்துறையில் நுழைய முடிந்தது. பல நகரங்களில் ஸ்பானிய மொழி நிலையங்கள் இவ்வுரிமத்தின் கீழ் இயங்கின. எனினும் இவ்வுரிமம் இரண்டாந்தர நிலையுடையது. முழுத்திறன் நிலையத்திற்கு இடையூறு நேருமாயின் குறுந்திறன் நிலையமே விலக வேண்டும். 1999இல் இயற்றப்பட்ட சமுதாய ஒளிபரப்பாளர் பாதுகாப்புச் சட்டம், அவற்றுள் தகுதி பெற்ற சிலவற்றுக்கு மட்டும் கூடுதல் பாதுகாப்பு அளித்தது. நாள்தோறும் குறைந்தது 18 மணி நேரம் ஒளிபரப்ப வேண்டும். வாரத்திற்குச் சராசரியாக 3 மணி நேரமேனும் உள்ளூரிலேயே உருவாக்கிய நிகழ்ச்சி இடம்பெற வேண்டும் என்பன அத்தகுதிகள்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அச்சட்டம் ஒரு நிலையத்தின் மதிப்பை உள்ளூர் நிகழ்ச்சியாக்கத்தோடு பிணைத்தது. ஸ்பானியம் பேசுவோர் வாழும் நகரில் உள்ளூர் நிகழ்ச்சி என்பது இயல்பாகவே ஸ்பானியத்தில் அமையும். சட்டம் மொழியின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆயினும் மொழிக்கு இடம் கிடைத்தது. பின்னர் நிகழ்ந்த அலைக்கற்றை ஏலத்தின்போது, இக்கூடுதல் பாதுகாப்பைப் பெறாத நிலையங்கள் பல தம் அலைவரிசையை இழந்து இடம்பெயர நேர்ந்தது. உள்ளூர் நிகழ்ச்சியைச் சட்டம் மதித்த அளவுக்கே அந்நிலையங்களுக்கு உறுதிப்பாடும் கிடைத்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

4. தூர்தர்ஷன் குறுந்திறன் நிலையங்கள்

தமிழகத்தில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15இல் சென்னையில் தொடங்கியது. அதன் எல்லை சென்னையையும் சுற்றுப்புறத்தையும் கடக்கவில்லை. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி செயற்கைக்கோள் ஏவப்பட்டபின், தில்லி நிகழ்ச்சியை நாடெங்கும் அனுப்பும் வழி திறந்தது. 1984இல், ஏறத்தாழ நாளொன்றுக்கு ஒன்று என்னும் வேகத்தில், 100 வாட் திறனுள்ள சிறு நிலையங்கள் இந்திய நகரங்களில் நிறுவப்பட்டன. ஒரு செயற்கைக்கோள் ஏற்பி, ஓர் அலைபரப்பி, ஒரு கோபுரம், சில தொழில்நுட்பப் பணியாளர் என்பதே அவற்றின் அமைப்பு. ஒளிப்பதிவுக் கூடமோ அறிவிப்பாளரோ அங்கில்லை. வானிலிருந்து இறங்கிய நிகழ்ச்சியை அவ்வாறே ஊருக்கு அனுப்புவதே அவற்றின் பணியாக இருந்தது.

இதன் விளைவாக, தமிழகத்தின் சிறு நகரங்கள் முதன்முதலில் கண்ட தொலைக்காட்சி பெரிதும் இந்தியில் பேசியது. 1984 ஜூலையில் தொடங்கிய ஹம் லோக் போன்ற தொடர்களைத் தமிழ்க் குடும்பங்கள் மொழி முழுவதும் விளங்காமலேயே கண்டன. சென்னை நிலையத்தின் வெள்ளிக்கிழமைத் திரைப்பாடல் நிகழ்ச்சியான ஒலியும் ஒளியும், தில்லி நிகழ்ச்சியை மட்டும் பெற்ற ஊர்களுக்கு எட்டவில்லை. அதே காலத்தில் தமிழகக் கடற்கரை ஊர்களில் உயர்ந்த ஆன்டெனாக்கள் தெற்கு நோக்கித் திருப்பப்பட்டன. கடல் கடந்து வந்த ரூபவாகினியில் தமிழ் நிகழ்ச்சிகளையும் காண முடிந்தது என்பது அதற்குரிய காரணங்களுள் ஒன்று. அயல்நாட்டு அலை தாய்மொழியையும், உள்ளூர்க் கோபுரம் பிறமொழியையும் கொண்டுவந்த முரண் அக்காலத்திற்குரியது.

அமெரிக்கக் குறுந்திறன் நிலையமும் இந்தியக் குறுந்திறன் நிலையமும் மின்திறனில் ஒரு வகையைச் சேர்ந்தவை. எல்லையும் ஏறத்தாழ ஒரு நகரளவே. ஒன்றில் நிகழ்ச்சியாக்க உரிமை இருந்தது, மற்றொன்றில் இல்லை. மொழி விளைவு அதனால் வேறுபட்டது. முதல் இரு நேர்வுகளும் கருதுகோளுக்கு அரண் சேர்க்கின்றன.

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கியதும், கம்பிவடத் தொலைக்காட்சி பரவியதும் தமிழைச் சின்னத்திரைக்கு மீட்டன. ஆயினும் மீட்கப்பட்டது சென்னையிலிருந்து தமிழ்நாடு முழுமைக்கும் பேசும் பொதுத்தமிழ். வட்டார மொழிக்கான வினா விடையின்றியே நின்றது. தூர்தர்ஷனின் தரைவழி ஒப்புமை அலைபரப்பிகள் 2022ஆம் ஆண்டளவில், சிலவற்றைத் தவிர, படிப்படியாக மூடப்பட்டன. அக்கோபுரங்கள் ஒருநாளும் தம் ஊரின் மொழியைப் பேசாமலே ஓய்வு பெற்றன எனலாம்.

5. வானொலி தந்த மாற்றுச் சான்று

நிகழ்ச்சியாக்க உரிமை மொழியை மாற்றும் என்பதற்குக் காவிரிப் படுகையிலேயே ஒரு சான்றுண்டு. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியது. 1960களில் அந்நிலையம் ஒலிபரப்பிய வேளாண் நிகழ்ச்சிகளின் வழி ஆடுதுறை 27 என்னும் நெல்வகை தஞ்சைப் பகுதியில் பரவியது. உழவர் அதனை ரேடியோ நெல் என்றே அழைத்தனர். ஆய்வு நிலையம் இட்ட எண்பெயரை விடுத்து, தாம் கேட்டறிந்த ஊடகத்தின் பெயரை நெல்லுக்கு இட்ட இச்சொல்லாக்கம் மொழியியல் நோக்கில் சிறப்புடையது. உழவர்க்குரிய பேச்சில், அவர் நிலத்துக்கு அருகிலிருந்து எழுந்த ஒலிபரப்பைக் கேட்போர் தமதாக ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு அது சான்று.

திருச்சி நிலையம் குறுந்திறன் நிலையமன்று. பல மாவட்டங்களுக்குக் கேட்பது. எனவே மின்திறன் கூடினும் நிகழ்ச்சியாக்கம் வட்டாரத்தில் நிகழுமாயின் மொழி நெருங்கும் என்பதும் இதனால் பெறப்படுகிறது. மின்திறனையும் நிகழ்ச்சியாக்க உரிமையையும் தனித்தனியே பிரித்துக் காணவேண்டிய தேவையை இச்சான்று வலியுறுத்துகிறது.

6. காரைக்கால் கடற்கரையும் அறிவிப்பு மொழியும்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாயினும் புதுச்சேரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில், தமிழக மாவட்டங்களாலும் கடலாலும் சூழப்பட்டுள்ளது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1இல் இந்தியாவுக்கு மாற்றப்பட்ட பகுதிகளுள் ஒன்று. ஆட்சி ஓரிடத்திலும், அண்டை ஊர்கள் வேறு ஆட்சியிலும் இருத்தலின், செய்திக்கும் அறிவிப்புக்கும் இப்பகுதி எப்போதும் பிற இடங்களை நோக்கியே இருந்துவந்துள்ளது. இந்நிலையில் அகில இந்திய வானொலியின் காரைக்கால் பண்பலை நிலையம் 100.3 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது இப்பகுதிக்கு வாய்த்த சிறப்பாகும். இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் ஒன்றும் காரைக்காலில் உள்ளது. கருவி அண்மையில் இருக்கிறது. அக்கருவி காட்டுவதைச் சொல்லும் மொழி எவ்வளவு அண்மையில் இருக்கிறது என்பதே இப்பகுதி ஆராயும் வினா.

தென்மேற்கு வங்கக்கடல், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத் தரைக்காற்று என்பன வானிலை அறிக்கையின் தொடர்கள். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வழங்கும் மீன்வளப் பகுதி அறிவிப்புகளும் திசைக்கோணம், கிலோமீட்டர்த் தொலைவு, மீட்டர் ஆழம் ஆகியவற்றால் அமைகின்றன. இவை அறிவியல் துல்லியமுடையன. நாடு முழுமைக்கும் ஒருசீரானவை.

கடற்கரைப் பேச்சின் அளவைகள் வேறு. ஆழத்தைப் பாகத்தால் அளப்பர். இரு கைகளையும் விரித்த அளவு ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கும் தென்மேற்கும் சார்ந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோழகம். இவற்றை இணைத்து வாடைக்கொண்டல் போன்ற இடைத்திசைப் பெயர்களையும் ஆக்கிக்கொள்வர். காற்றின் பெயர் திசையை மட்டும் சுட்டுவதன்று. எப்பருவம், எவ்வலை, எவ்வளவு தொலைவு போகலாம், பாடு எவ்வாறு அமையும் என்னும் முடிவுகள் அனைத்தும் அச்சொல்லோடு சேர்ந்தே வரும்.

இச்சொற்களைத் திருந்தா வழக்கு என ஒதுக்குதல் தகாது. நாற்றிசைக் காற்றுகளுக்கும் கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனப் பெயர் வழங்குவது தமிழ் நிகண்டுகளின் மரபு. அவற்றுள் கொண்டலும் வாடையும் இன்றும் கடற்கரையில் தொழிற்சொற்களாக உயிர்ப்புடன் உள்ளன. மேற்குக்கும் தெற்குக்கும் கச்சானும் சோழகமும் வழங்குகின்றன. நிகண்டு மரபின் இரண்டு சொற்களைக் காத்து, இரண்டு இடங்களில் வேறு சொற்களைக் கொண்ட இவ்வமைப்பு, தொல்காப்பியர் கூறும் நால்வகைச் சொற்களுள் இயற்சொல்லும் திசைச்சொல்லும் ஒரே துறையில் அருகருகே நின்று இயங்குதற்கு நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது. அறிவிப்பு மொழி இச்சொற்களை ஏற்குமாயின் பிழை நேராது. பழமையோடும் தொடர்பு அறாது.

7. சிறு எல்லை ஒலிபரப்பின் பயன்: மூன்று சான்றுகள்

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரின் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வெளியிட்ட அலை உயர முன்கணிப்பு இறக்கப்பட்டு, ஊர் ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்கப்பட்டது. உலகளாவிய தரவு ஊரவர் குரலில் ஒலித்தது. ஒலிபெருக்கிக்கு உரிமமில்லை, அலைக்கற்றை இல்லை, எல்லை ஓர் ஊர் மட்டுமே. எனினும் நிகழ்ச்சியாக்க உரிமை முழுமையாக ஊரிடம் இருந்தது.

இவ்வுரிமையின் மதிப்பு 2004 டிசம்பர் 26இல் வெளிப்பட்டது. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த ஒருவர் அன்று சிங்கப்பூரில் இருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியை அறிந்த அவர் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தி அனைவரையும் கரையை விட்டு அகலச் சொல்லினர். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் உயிர்கள் காக்கப்பட்டன. அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காரைக்கால் கடற்கரை ஊர்களும் பேரிழப்பைச் சந்தித்தன. பட்டினச்சேரியும் அவற்றுள் ஒன்று. செய்தி உலகில் இருந்தது. அதை ஊர்மொழியில் உடனே உரைக்கும் கருவியும் உரிமையும் சில ஊர்களில் இருந்தன, பல ஊர்களில் இல்லை. ஊடக மொழி பற்றிய ஆய்வு உயிர் பற்றிய ஆய்வாகவும் அமையும் இடம் இதுவே.

இரண்டாவது சான்று சமுதாய வானொலி. அலைக்கற்றை பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன்பின் கல்வி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் கொள்கை உருவாகி, 2004 பிப்ரவரி 1இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை தொடங்கியது. 2006இல் தன்னார்வ அமைப்புகளுக்கும் இவ்வுரிமம் விரிவுபடுத்தப்பட்டது. அவ்வழிகாட்டு நெறிகள் நிலையத்தின் திறனை 100 வாட் என்னும் அளவில் நிறுத்தின. நிகழ்ச்சிகளுள் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்றன. உள்ளூர் மொழியும் வட்டார வழக்கும் விரும்பத்தக்கன என்றன. 1984இன் தூர்தர்ஷன் கோபுரத்தின் திறனும் 100 வாட். 2006இன் சமுதாய வானொலியின் திறனும் 100 வாட். எண் ஒன்றே, உரிமை தலைகீழ்.

நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளை நடத்தும் களஞ்சியம் சமுதாய வானொலியும், பாம்பனில் 2016 ஆகஸ்டு 15இல் மீனவர்க்கெனத் தொடங்கப்பட்ட கடல் ஓசை 90.4 வானொலியும் இவ்வுரிமையின் வழிப் பிறந்தவை. தெலங்கானாவில் தலித் பெண்கள் 2008 முதல் நடத்திவரும் சங்கம் வானொலி, தம் வட்டாரத் தெலுங்கிலேயே பேசுவதும் இவற்றோடு ஒப்புநோக்கத்தக்கது.

மூன்றாவது சான்று இம்முடிவின் எல்லையைக் காட்டுவது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, பல நாள் தங்கல் தொழிலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரையோர நிலையத்தின் அலை எத்துணை நெருங்கிய மொழியில் பேசினும் அத்தொலைவை எட்டாது. எனவே சிறு நிலையம் பெருந்திறன் ஒலிபரப்புக்கும் செயற்கைக்கோள் தொடர்புக்கும் மாற்றாகாது. கரையிலும் அண்மைக்கடலிலும் உள்ளோர்க்குப் பொருள் விளங்கச் செய்வதே அதன் இடம்.

8. ஆய்வு முடிவுகள்

ஒன்று: குறைந்த மின்திறன் வட்டார மொழிக்கு வாய்ப்பைத் தரும், உறுதியைத் தருவதில்லை. ஸ்பானிய மொழி நிலையங்களும் தூர்தர்ஷன் நிலையங்களும் இதனைத் தெளிவாக்குகின்றன.

இரண்டு: உள்ளூர் நிகழ்ச்சியாக்கத்தைச் சட்டம் ஒரு தகுதியாக வகுக்கும்போது, மொழியைப் பெயர் சுட்டிப் பாதுகாக்காவிடினும் மொழி பாதுகாக்கப்படுகிறது. 1999இன் அமெரிக்கச் சட்டமும் 2006இன் இந்திய நெறிகளும் இவ்வகையில் ஒத்தவை.

மூன்று: இந்தியச் சமுதாய வானொலி தனக்கெனச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதியில்லை. கடற்கரைச் சமூகத்திற்குக் காற்றும் கடலும் பற்றிய அறிவிப்பே முதற்செய்தி. அதன் சொற்களைத் தேரும் உரிமையேனும் கரையில் வாழ்வோர்க்கு அமைதல் வேண்டும்.

நான்கு: தமிழ்த்துறைகள் இதில் ஆற்றக்கூடிய பணி ஒன்றுண்டு. காற்று, ஆழம், அலை, பருவம் ஆகியவை பற்றிய நெய்தல் சொற்களை ஊர்தோறும் திரட்டி, அறிவியல் அளவைகளோடு இணைத்த இருவழிச் சொற்கோவை ஒன்று உருவாக்கப்படின், பொதுத்தமிழ் அறிவிப்பைத் துல்லியம் குன்றாமல் வட்டாரத் தமிழில் உரைக்க இயலும். ஒரே சொல் வெவ்வேறு கரைகளில் சற்றே வேறு திசையைச் சுட்டுதல் கூடும் ஆதலின், இத்தொகுப்பு ஊர்வாரியாக அமைதல் இன்றியமையாதது.

9. முடிவுரை

சான் அந்தோனியோவின் ஸ்பானிய நிலையமும், தமிழகச் சிறு நகரங்களின் தூர்தர்ஷன் கோபுரமும், நல்லவாட்டின் ஒலிபெருக்கியும் தம்முள் தொடர்பற்றவை போலத் தோன்றும். மூன்றிலும் வினா ஒன்றே: அங்கு வாழ்வோர் தம் சொல்லில் பேச அவ்வூடகம் இடம் தந்ததா? முதலாவது பெரும்பாலும் தந்தது, இரண்டாவது தரவில்லை, மூன்றாவது தந்ததனால் ஓர் ஊர் பிழைத்தது. காரைக்காலில் ரேடாரும் பண்பலை நிலையமும் முன்னரே அமைந்துள்ளன. கொண்டலும் கச்சானும் சோழகமும் அவற்றின் அறிவிப்பில் இடம்பெறுமாயின், பட்டினச்சேரிக் கரையில் படகு தள்ளுவோர் காற்று மாறுமுன் அதன் பெயரை வானொலியில் கேட்பர்.